ஹசார்ட் பெர்செப்ஷன் தேர்வுக்குத் தயாராவது எப்படி: ‘வரலாம்’ எப்போது ‘வருகிறது’ ஆகிறது?

மதுரையில் எட்டு ஆண்டுகள் கார் ஓட்டிவிட்டு லண்டன் வந்தவன் நான். மாலை நேரத்துக் காளவாசல் சந்திப்பைக் கடந்து பழகியவனுக்கு, கணினித் திரையில் ஓடும் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்து ஆபத்தைக் கண்டுபிடிப்பதா கடினம் என்றுதான் நினைத்தேன். பிரிட்டனில் கார் ஓட்டும் உரிமத்துக்கு, சாலைத் தேர்வுக்கு முன் கணினியில் எழுத வேண்டிய தியரி டெஸ்டை முதல் முறை எழுதியபோது கேள்வி பதில் பகுதியில் 50க்கு 47 வாங்கினேன். காணொளியில் ஆபத்தைக் கண்டறியும் ஹசார்ட் பெர்செப்ஷன் பகுதியில் 75க்கு 38. தேற வேண்டியது 44. இரண்டு பகுதிகளில் எதில் தவறினாலும் மொத்தத் தேர்வும் போயிற்று. அந்த 47ஐ அடுத்த முறைக்கு எடுத்துச் செல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு காணொளியாக நினைவுபடுத்திப் பார்த்தேன். ஆபத்துகளில் பெரும்பாலானவற்றை நான் பார்த்துத்தான் இருந்தேன். பார்த்ததும் சொடுக்கினேன். ஒரே ஒரு முறை சொடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று அடுத்ததைத் தேடப் போனேன். அங்கேதான் தவறினேன். ஆபத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்த கணத்தில் நான் சொடுக்கினேன். தேர்வு கேட்பதோ அந்த ஆபத்து உருவெடுக்கத் தொடங்கும் கணத்தை. இது புரிந்த பிறகு எழுதிய இரண்டாவது தேர்வில் 61 வந்தது. பிறகு கும்பகோணத்தில் பத்து ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிய என் அண்ணிக்கும் இதே வழியில் சொல்லிக்கொடுத்தேன். அந்த வழியைத்தான் இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

இந்தத் தேர்வு யாருக்கு, எப்படி நடக்கிறது

இந்திய உரிமமோ இலங்கை உரிமமோ வைத்திருப்பவர்கள், பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே அதை வைத்து இங்கே கார் ஓட்டலாம். ஊர் உரிமத்தைக் கொடுத்துவிட்டு நேரடியாக இந்த நாட்டு உரிமம் வாங்க வழியில்லை. புரொவிஷனல் லைசென்ஸ் (கற்றுக்கொள்பவருக்கான உரிமம்) எடுத்து, தியரி டெஸ்டில் தேறி, அதன்பின் சாலைத் தேர்விலும் தேற வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த 17 வயதுப் பிள்ளைக்கும் இருபது ஆண்டு அனுபவம் உள்ள அப்பாவுக்கும் ஒரே தேர்வுதான்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவான இந்தத் தேர்வை நடத்துவது டிவிஎஸ்ஏ என்னும் அரசு அமைப்பு. கார் தேர்வுக்குக் கட்டணம் 23 பவுண்டு. அரசின் இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அதே பதிவுக்குக் கூடுதல் பணம் கேட்கின்றன.

முதல் பகுதி 50 கேள்விகள், 57 நிமிடங்கள், தேற 43. அதை முடித்ததும், விரும்பினால் மூன்று நிமிடம் வரை இடைவேளை. பிறகு ஹசார்ட் பெர்செப்ஷன். அது எப்படி நடக்கும் என்று விளக்கும் ஒரு சிறு காணொளி முதலில் ஓடும். அதன்பின் 14 காணொளிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம். எல்லாமே ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் காட்சி. 13 காணொளிகளில் மதிப்பெண்ணுக்குரிய ஆபத்து ஒவ்வொன்று இருக்கும். ஒரே ஒரு காணொளியில் மட்டும் இரண்டு இருக்கும். அது எந்தக் காணொளி என்று சொல்லமாட்டார்கள். ஆக 15 ஆபத்துகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண், மொத்தம் 75.

நிறுத்திப் பார்க்கவோ பின்னால் ஓட்டிப் பார்க்கவோ முடியாது. ஆபத்து என்று தோன்றும்போது மௌஸைச் சொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இடது பொத்தான், வலது பொத்தான் எதுவானாலும் சரி. திரையில் எந்த இடத்தில் அம்புக்குறி நிற்கிறது என்பது பொருட்டல்ல. ஆபத்தின் மேல் கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை. சொடுக்கியதும் திரையின் அடியில் ஒரு சிவப்புக் கொடி தோன்றும். அது உங்கள் சொடுக்கு பதிவாகிவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. சரியா தவறா என்று அது சொல்லாது.

இந்தப் பகுதி 2002 நவம்பரில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் உண்மையான சாலைகளில் எடுத்த படங்கள் ஓடின. 2015 முதல் கணினியில் உருவாக்கிய காட்சிகள். 2018இல் மழை, பனி, இருட்டு போன்ற சூழல்களும் வந்து சேர்ந்தன.

நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. 2014 ஏப்ரல் 7 வரை இந்தத் தேர்வின் கேள்விகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் காதில் கேட்டபடி எழுத முடிந்தது. இப்போது அந்த வசதி கிடையாது. அதனால் ஆங்கிலம் சரளமாக இல்லாதவர்கள் கேள்வி பதில் பகுதிக்குக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் காணொளிப் பகுதியில் படிக்க எதுவும் இல்லை. விளக்கத்தைப் புரிந்துகொண்டுவிட்டால், பிறகு கண்ணும் விரலும்தான். நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்கள் என்று அந்தக் கணினிக்குத் தெரியாது. தமிழிலேயே யோசியுங்கள். யோசிக்க மிகவும் தோதான மொழி அது. ஏன் என்று இதோ சொல்கிறேன்.

மூன்று வினைகள்

மதிப்பெண் தரும் ஆபத்தை ‘உருவாகி வரும் ஆபத்து’ என்கிறார்கள். நீங்கள் வேகத்தைக் குறைக்கவோ, நிற்கவோ, திசையைச் சற்று மாற்றவோ வேண்டிவரும்படி ஏதோ ஒன்று மாறுகிறது. அதுதான் உருவாகி வரும் ஆபத்து. சாலையோரம் நிற்கும் கார் வெறும் கார். அது உங்கள் வழிக்குள் வரத் தொடங்கினால் ஆபத்து.

இதை அண்ணிக்கு விளக்கும்போது ஆங்கில வரையறையை எத்தனை முறை சொன்னாலும் அவருக்குப் பிடிபடவில்லை. “நிற்கும் காரும் ஆபத்துதானே, தம்பி? பின்னாலிருந்து யாராவது ஓடி வரலாமே?” என்றார். அந்த ‘வரலாமே’தான் எனக்கு வழி காட்டியது.

“அண்ணி, நீங்கள் பார்ப்பதை மனத்துக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். ‘வரலாம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை காத்திருங்கள். ‘வருகிறது’ என்று வாய் மாறும்போது சொடுக்குங்கள். ‘வந்துவிட்டது’ என்று சொல்லும்படி ஆனால் மதிப்பெண் போய்விட்டது.”

தேர்வு முழுவதும் இந்த மூன்று வினைகளுக்குள் அடங்கிவிடுகிறது. கணினி ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு கால இடைவெளி வைத்திருக்கிறது. ‘வரலாம்’ ‘வருகிறது’ ஆகும் கணத்தில் அது திறக்கிறது. ‘வந்துவிட்டது’ என்னும்போது மூடுகிறது. திறந்த உடனே சொடுக்கினால் 5. தாமதம் ஆக ஆக 4, 3, 2, 1. மூடிய பிறகு 0. திறப்பதற்கு முன் சொடுக்கியிருந்தாலும் அதற்கு மதிப்பெண் இல்லை. முதல் தேர்வில் என் 38க்கு இதுதான் காரணம்: ‘லாம்’ என்ற இடத்திலேயே சொடுக்கிவிட்டு ‘கிறது’ என்ற இடத்தில் சும்மா இருந்தேன்.

ஒரு காணொளி, நொடி நொடியாக

தேர்வில் வரும் வகையிலான ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

குடியிருப்புத் தெரு. இரு பக்கமும் கார்கள் வரிசையாக நிற்கின்றன. வீட்டு வாசல்களில் குப்பைத் தொட்டிகள் வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் மணிக்கு 30 மைலுக்குச் சற்றுக் குறைவாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

எட்டாவது நொடி. தூரத்தில் இடப்பக்கம் ஒரு வெள்ளை வேன், நான்கு விளக்குகளும் விட்டுவிட்டு எரிகின்றன. சரக்கு இறக்குகிறார்கள் போலிருக்கிறது. மனம் சொல்கிறது: பின்கதவிலிருந்து ஆள் இறங்கலாம். ‘லாம்’. விரல் மௌஸின் மேல் இருக்கட்டும்.

பதினான்காவது நொடி. வலப்பக்கம் ஒரு பெண் நாயைக் கூட்டிக்கொண்டு நடைபாதையில் நடக்கிறார். நாய் அவர் காலோடு ஒட்டி நடக்கிறது. முகம் நம் திசைக்குத் திரும்பவில்லை. கடக்கலாம். இன்னும் ‘லாம்’தான். கண் அவரிடமே தங்கிவிடக் கூடாது.

பத்தொன்பதாவது நொடி. வேன் நெருங்குகிறது. அதன் அடிப்பகுதிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருக்கும் வெளிச்சக் கீற்றில் இரண்டு கால்கள் தெரிகின்றன. கால்களுக்கு முன்னால் ஒரு சிறிய சக்கரம். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி. கால்கள் நடைபாதையிலிருந்து சாலையின் பக்கம் நகர்கின்றன.

வருகிறது. இங்கே சொடுக்குங்கள்.

இருபதாவது நொடி. வேனின் முன்முனையைத் தாண்டிக் குழந்தை வண்டியின் மூக்கு வெளியே தெரிகிறது. மீண்டும் ஒரு சொடுக்கு. இருபத்திரண்டாவது நொடியில் தாய் முழுவதுமாகச் சாலையில் நிற்கிறார். நம் கார் வேகம் குறைக்கிறது. அதற்குப் பிறகு சொடுக்கி அதிகம் பயனில்லை.

வேனைத் தூரத்தில் பார்த்த எட்டாவது நொடியில் மட்டும் சொடுக்கிவிட்டு நின்றவருக்கு 0. தாய் சாலையில் நின்றதும் திடுக்கிட்டுச் சொடுக்கியவருக்கு 1 கிடைத்தால் அதிகம். கால்களைப் பார்த்தவருக்கு 5. வேனின் அடியில் பார்க்கத் தோன்றுமா தோன்றாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது பயிற்சியால் நிச்சயம் வரும்.

எங்கே பார்ப்பது

புதிதாக ஓட்டுபவரின் கண் காரின் முகப்புக்கு நேர் எதிரே, பத்துப் பதினைந்து மீட்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். தேர்வு அதைத் தண்டிக்கிறது. கண் முதலில் சாலையின் கோடி வரை போக வேண்டும். அங்கிருந்து இரு ஓரங்களையும் துழாவிக்கொண்டு அருகே வர வேண்டும். மறுபடியும் கோடிக்குப் போக வேண்டும். ஒரு பொருளின் மேல் ஒரு நொடிக்கு மேல் தங்காதீர்கள், அது நகரத் தொடங்கியிருந்தாலொழிய.

நிறுத்தி வைத்த கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் இருபது கார்கள் நின்றால் இருபதையும் கவனிக்க முடியாது. எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் தலை தெரிகிறதா? பிரேக் விளக்கு எரிகிறதா? வெள்ளை விளக்கு எரிந்தால் பின்னால் வரப்போகிறார்கள். வலப்பக்க இண்டிகேட்டர் மின்னினால் ‘லாம்’ கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. எல்லாவற்றையும்விட நம்பகமானது முன்சக்கரம். கார் நகரும் முன்பே சக்கரம் திரும்பும். சக்கரம் சாலையின் பக்கம் திரும்பினால் அது ‘வருகிறது’.

சைக்கிள்காரர் எதற்காக விலகுவார் என்பதை அவருக்கு முன்னாலேயே நீங்கள் பார்த்துவிட வேண்டும்: அவருக்கு எதிரே நிற்கும் கார், குழி, சாக்கடை மூடியின் விளிம்பு. அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் அடுத்த நொடி வலப்பக்கம் வருகிறார் என்று பொருள். கை நீட்டும்வரை காத்திருந்தால் ஒன்றிரண்டு மதிப்பெண் குறையும்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ் இரண்டு வகையில் ஆபத்து. அதுவே புறப்பட்டு வெளியே வரலாம். அதிலிருந்து இறங்கியவர் அதன் முன்னால் கடந்து வரலாம். கடைசிப் பயணி ஏறிவிட்டாரா, கதவு மூடிவிட்டதா என்று பாருங்கள்.

பக்கத்துச் சாலையிலிருந்து வந்து சேரும் கார்களில் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது. அந்தக் கார் வெள்ளைக் கோட்டை நோக்கி வேகம் குறைத்து வருகிறதா, குறைக்காமல் வருகிறதா என்பதே கேள்வி. குறைக்காமல் வந்தால், கோட்டைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம். அதேபோல நாம் திரும்பப்போகும் சாலையைக் கடக்க யாராவது காத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். 2022 ஜனவரியில் ஹைவே கோட் என்னும் சாலை விதிநூல் மாற்றப்பட்ட பிறகு, கடப்பவருக்கு மட்டுமல்ல, கடக்கக் காத்திருப்பவருக்கும் திரும்பும் வண்டி வழிவிட வேண்டும்.

கிராமச் சாலைகள் நமக்குப் புதிது. இரு பக்கமும் ஆளுயர வேலி, குறுகலான வழி, ஆனால் பல இடங்களில் மணிக்கு 60 மைல் வரை அனுமதி. அந்த வேகத்தில் ஒரு நொடியில் சுமார் 27 மீட்டர் போய்விடுவோம். வளைவுக்கு அந்தப் பக்கம் குதிரையில் வருபவர், டிராக்டர், ஆடுகள், நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லாரி எதுவும் இருக்கலாம். சாலையில் புதுச் சேறு, சாணம், முன்னே போகும் காரின் பிரேக் விளக்கு ஆகியவை முன்கூட்டியே சொல்லும். எதிர்த் திசையில் ஒரு சைக்கிள் வருகிறது, அதன் பின்னால் ஒரு கார் பொறுமையிழந்து ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால், அந்தக் கார் நம் பக்கத்துக்குள் விலகப்போகிறது. இந்தக் காட்சி பயிற்சியில் திரும்பத் திரும்ப வரும்.

நெடுஞ்சாலைக் காட்சிகளில் ஓரத்தைவிடத் தூரம் முக்கியம். நமக்கு முன்னால் இருக்கும் காரை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் நான்காவது, ஐந்தாவது காரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அடுத்து, இடப்பக்கம் வந்து இணையும் வண்டிகள்.

பள்ளி அருகே குழந்தைகள் கடக்க வண்டிகளை நிறுத்தும் ‘லாலிபாப்’ பலகையோடு நிற்பவர், ஐஸ்கிரீம் வேன், பந்து. பந்துக்குப் பின்னால் குழந்தை வரும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

நம் ஊர்க் கண் செய்யும் தவறு

ஊரில் ஓட்டியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்ல. அந்த நெரிசலில் உயிரோடு ஓட்டுவதற்கே தனிக் கூர்மை வேண்டும். ஆனால் அந்தக் கூர்மை பழகியிருப்பது வேறு ஒழுங்குக்கு. எதிரே எல்லாமே நகரும், எல்லோரும் குறுக்கே வருவார்கள், ஹாரன் அடித்தால் விலகுவார்கள், கடைசி நொடியில் இருவரும் சற்று ஒதுங்கிக்கொள்வார்கள். அங்கே ‘வருகிறது’ என்பது ஆபத்தே இல்லை. ‘இடிக்கப்போகிறது’ என்பதுதான் ஆபத்து. அதனால் சிலர் இங்கே வெகு தாமதமாகச் சொடுக்குகிறார்கள். குழந்தை வண்டி வேனுக்கு முன்னால் தெரிந்தபோதும் “அவர் நின்றுவிடுவார்” என்று அண்ணி முதல் வாரம் முழுவதும் சொன்னார்.

இன்னும் சிலர் என்னைப்போல. தேர்வு என்றதும் எல்லாவற்றையும் சந்தேகித்து, ஒவ்வொரு காருக்கும் ஒரு சொடுக்கு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: இந்த ஊர் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது. மணிக்கு 30 மைலில் போகும் கார் முழுவதுமாக நிற்க ஹைவே கோட் சொல்லும் தூரம் 23 மீட்டர். அதில் 9 மீட்டர், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. 40 மைலில் மொத்தம் 36 மீட்டர். மழையில் இன்னும் கூடும். ‘வருகிறது’ என்ற கணத்தில் கால் பிரேக்குக்குப் போனால்தான் அந்தத் தாயும் குழந்தையும் பத்திரம். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், எங்கே சொடுக்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதல் வாரம்: சொடுக்காமல் பாருங்கள்

பயிற்சிக்கு டிவிஎஸ்ஏவின் அதிகாரபூர்வ செயலியோ, மதிப்பெண் காட்டும் வேறொரு நல்ல செயலியோ ஒன்று போதும். ஒரே காணொளியைப் பலமுறை பார்த்து எந்த நொடியில் என்ன வரும் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். தேர்வில் வருபவை வேறு.

முதல் ஐந்து நாட்கள் மௌஸைத் தொடவே வேண்டாம். நாளுக்கு ஆறேழு காணொளிகள். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “சிவப்புக் கார், ஆள் இருக்கிறார், கிளம்பலாம். பையன் சைக்கிளில், எதிரே வேன், விலகலாம். விலகுகிறான்.” வாய்விட்டுச் சொல்வது முக்கியம். மனத்துக்குள் சொல்லும்போது இடையில் விட்டுப்போனது நமக்கே தெரியாது; வாய் நின்றுபோனால் கண்ணும் நின்றுபோயிற்று என்று உடனே தெரிந்துவிடும். அண்ணி சமையல் மேசையில் செல்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு இதைச் செய்தார். வீட்டுக் குழந்தைகளும் கூடச் சேர்ந்து சொன்னார்கள்.

இரண்டாம் வாரம்: சொடுக்கும் முறை

இப்போது மௌஸ். செல்பேசித் திரையைத் தட்டிப் பழகாமல், முடிந்தால் கணினியில் மௌஸ் வைத்துப் பழகுங்கள், தேர்வில் அதுதான்.

‘வருகிறது’ என்ற சொல் மனத்தில் எழுந்ததும் ஒன்று. ஏறத்தாழ ஒரு நொடி கழித்து, ஆபத்து இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் மற்றொன்று. இரண்டாவது சொடுக்கு ஏன்? அனுபவமுள்ள கண் சில இடங்களில் கணினியின் இடைவெளி திறப்பதற்குச் சற்று முன்பே ‘வருகிறது’ என்று சொல்லிவிடுகிறது. முதல் சொடுக்கு வீணானாலும் இரண்டாவது 5க்கோ 4க்கோ உள்ளே விழும். கூடுதலாக ஒரு சொடுக்குச் சொடுக்கியதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை.

ஆனால் ஓர் எல்லை உண்டு. விடாமல் சொடுக்கிக்கொண்டே இருந்தாலோ, இரண்டு நொடிக்கு ஒன்று என்பதுபோலத் தாளம் போட்டுச் சொடுக்கினாலோ, கணினி அதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டு அந்தக் காணொளிக்கு 0 போட்டுவிடும். காணொளி முடிந்ததும் திரையிலேயே அதைத் தெரிவிக்கும். பதற்றத்தில் விரல் தானாகத் துடிப்பவர்கள் இதில் கவனமாக இருங்கள். ‘லாம்’ என்ற இடங்களில் விரலை அடக்கிவிட்டால், ஒரு காணொளிக்கு நான்கைந்து சொடுக்குக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

மதிப்பெண் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது பெரிய ஆறுதல். தேற 44. 15 ஆபத்துகளுக்கும் தலா 3 எடுத்தாலே 45. எல்லாவற்றிலும் 5 எடுக்கத் தேவையில்லை. நம்மைக் கவிழ்ப்பவை 0கள்தான். மூன்று 0 விழுந்தால் மீதிப் பன்னிரண்டிலும் சராசரியாக நான்கை நெருங்க வேண்டியிருக்கும். ஆகவே பயிற்சிக்குப் பிறகு எந்தக் காணொளியில் 4 வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 0 வந்த காணொளிகளை மட்டும் தனியே எழுதி வையுங்கள். பக்கத்திலேயே காரணத்தையும்: பார்க்கவே இல்லை, ‘லாம்’ என்ற இடத்தில் சொடுக்கினேன், ‘விட்டது’ என்ற இடத்தில் சொடுக்கினேன். மூன்றில் எது உங்களுக்கு அதிகம் என்று நான்கு நாட்களில் தெரிந்துவிடும். அண்ணியின் நோட்டில் மூன்றாவதுதான் நிறைய இருந்தது.

பஸ்ஸின் மாடி

இடையில் செலவில்லாத ஒரு பயிற்சி. லண்டனில் இருப்பவர்கள் மாடி பஸ்ஸில் முதல் வரிசை இருக்கையைப் பிடியுங்கள். நாங்கள் ஸ்டிராட்போர்டிலிருந்து ரோம்போர்டு வரை போகும் 86ஆம் எண் பஸ்ஸில் போவோம். இடையில் இல்ஃபோர்டு வரும். கடைத்தெரு, பள்ளி, சந்திப்பு, பஸ் நிறுத்தம் என்று எதற்கும் குறைவில்லை. ‘வருகிறது’ என்று தோன்றும்போது விரலால் ஒரு சொடுக்குப் போடுவார் அண்ணி. உடனே பஸ் பிரேக் பிடித்தால், அவர் சரியாகப் பார்த்தார் என்று பொருள். கீழே அனுபவமுள்ள ஓட்டுநர் பிரேக்கைத் தொடுவதற்கு முன் சொடுக்குப் போட முடிகிறதா என்பதே போட்டி. பத்து நாட்களில் பல இடங்களில் முந்திவிட்டார். காரில் பக்கத்து இருக்கையில் போகிறவர்களும் இதைச் செய்யலாம். ஓட்டுகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வாரம்: பதினான்கும் ஒரே மூச்சில்

முதல் ஐந்து காணொளிகளில் எல்லோரும் கூர்மையாகத்தான் இருக்கிறோம். ஒன்பது, பத்தாவதில் கண் தளர்கிறது. அதனால் கடைசி வாரத்தில் கேள்வி பதில் பயிற்சி ஒன்றை முழுதாக எழுதிவிட்டு, மூன்று நிமிடம் கழித்து, 14 காணொளிகளையும் நிறுத்தாமல் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

இந்த வாரத்தில் பழக வேண்டியது இன்னொன்று: முதல் ஆபத்து முடிந்ததும் ஓயாமல் இருப்பது. இரட்டை ஆபத்துள்ள காணொளி எதுவென்று தெரியாததால், ஒவ்வொரு காணொளியையும் கடைசி நொடிவரை பார்க்க வேண்டும். சைக்கிள்காரரைத் தாண்டி நிம்மதியாக மூச்சு விடும்போதுதான் பக்கத்துச் சாலையிலிருந்து கார் வரும். பயிற்சியில் 52, 53 என்று தொடர்ந்து வரத் தொடங்கினால் நீங்கள் தயார். 45லேயே தள்ளாடினால் தேர்வுத் தேதியைத் தள்ளி வையுங்கள். பதற்றம் நாலைந்து மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

தேர்வு நாள்

புரொவிஷனல் உரிமத்தின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள், பணமும் போகும். கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். செல்பேசி, கடிகாரம், பை எல்லாவற்றையும் அங்கே தரும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

கேள்வி பதில் பகுதி முடிந்ததும் வரும் மூன்று நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். நான் முதல் முறை அவசரப்பட்டு விட்டுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். இவ்வளவு நேரம் எழுத்துகளையே பார்த்த கண் அது. பிறகு விளக்கக் காணொளியை, முன்பே தெரிந்ததாக இருந்தாலும், முழுவதும் பாருங்கள்.

ஒவ்வொரு காணொளிக்கும் முன்னால் சில நொடி எண்ணிக்கை ஓடும். அப்போது எந்த மாதிரிச் சாலை, என்ன வெளிச்சம், எந்தப் பக்கம் கார்கள் நிற்கின்றன என்று பார்த்து முதல் ‘லாம்’ எது என்று தீர்மானித்துவிடுங்கள். ஒரு காணொளியில் தவறிவிட்டதாகத் தோன்றினால் அடுத்த எண்ணிக்கை தொடங்கும்போதே அதை விட்டுவிட வேண்டும். போன காணொளியை நினைத்துக்கொண்டே பார்த்தால் இதுவும் போகும்.

முடிவு அன்றே, அங்கேயே கையில் கிடைக்கும். இரு பகுதிகளின் மதிப்பெண்ணும் தனித்தனியே அதில் இருக்கும். தேறாவிட்டால் குறைந்தது மூன்று வேலை நாட்கள் கழித்தே மறுபடி எழுதலாம், மீண்டும் 23 பவுண்டு. அடுத்த நாளே பதிவு செய்யத் துடிக்காமல், நோட்டை எடுத்து முதல் வாரத்துப் பயிற்சிக்குத் திரும்புங்கள். சொடுக்காமல், வாய்விட்டுச் சொல்லி.

தேறினால் அந்தத் தாளில் இருக்கும் சான்றிதழ் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். சாலைத் தேர்வுக்குப் பதிவு செய்ய அது வேண்டும், அதற்கு ஆயுள் இரண்டு ஆண்டுகள். பல ஊர்களில் சாலைத் தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் உடனே தேதி எடுத்துவிடுங்கள். அண்ணி 58 வாங்கிய அன்று மாலையே எடுத்துவிட்டார். இப்போது பயிற்சி வகுப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு “கிளம்பலாம், கிளம்பலாம், கிளம்புகிறது” என்று தமிழில் சொல்லியபடிதான் ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலேயப் பயிற்சியாளருக்கு ‘கிளம்புகிறது’ என்றால் பிரேக் என்று இரண்டாவது வகுப்பிலேயே புரிந்துவிட்டதாம்.